கிரானைட் 18 எம்எம் போதுமா, 30 எம்எம் வேண்டுமா? கல்லுக்குக் கீழே இருப்பதைப் பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டிய பதில்

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். மூன்றாவது மாடி ஃப்ளாட். பழைய கான்கிரீட் சமையல் மேடையை இடித்துவிட்டு, ப்ளைவுட் பாக்ஸ் வைத்து மாடுலர் கிச்சனாக மாற்றப் போகிறீர்கள். கல் கடைக்காரர் "18 எம்எம் போதும் சார், எல்லாரும் அதான் போடுறாங்க" என்கிறார். டிசைனர் முன்பக்கத்தில் 40 எம்எம் தெரிந்தால்தான் எடுப்பாக இருக்கும் என்கிறார். கார்பென்டர், கனம் அதிகமானால் பாக்ஸ் தாங்காது என்று பயமுறுத்துகிறார். ஹால் பக்கம் ஒரு அடி நீட்டி, ஸ்டூல் போட்டு உட்கார்ந்து சாப்பிட வசதி செய்ய வேண்டும். கல் விரிசல் விடாமல் இருக்க எத்தனை எம்எம் வாங்குவது என்பது கேள்வி. இதில் நான்கு தனித்தனிக் கேள்விகள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன: உறுதி, தோற்றம், எடை, நீட்டல். ஒரே ஒரு எண்ணைச் சொன்னால் ஏதோ ஒன்றில் தவறிவிடும். அதனால்தான் மூன்று பேரும் மூன்று விதமாகச் சொல்கிறார்கள். அவரவர் வேலையைப் பொறுத்தவரை மூவர் சொல்வதிலும் ஓரளவு நியாயம் இருக்கிறது.

நான் படித்தது சிவில். கல் வெட்டி, ஏற்றி, பதிக்கும் வேலைகளைப் பல வருடங்களாகக் கூட நின்று பார்த்து வருகிறேன். முதலில் சந்தேகமே இல்லாத விஷயங்கள். கிரானைட் அமுக்கத்தை அபாரமாகத் தாங்கும், வளைவைத் தாங்காது. வளையும்போது கல்லில் வரும் இழுவிசை, கனத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும்; வளையும் அளவோ கனத்தின் மும்மடிக்கு ஏற்பக் குறையும். ஆகவே 20 எம்எம்மிலிருந்து 30 எம்எம்முக்குப் போனால் கல்லின் தாங்குதிறன் இரண்டேகால் மடங்காகிறது, விறைப்பு மூன்று மடங்குக்கு மேல் கூடுகிறது. இதே கணக்கைத் திருப்பிப் போட்டால்தான் உங்கள் பிரச்சினை புரியும். 18 என்று சொல்லி விற்கும் கல்லை டேப் வைத்து அளந்தால் பல சமயம் 16, 17 தான் இருக்கும். 20 எம்எம் தாங்குவதில் 16 எம்எம் கல் தாங்குவது 64 சதவீதம். நாலு எம்எம்தானே என்று தோன்றும். உறுதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடுகிறது.

ஆனால் இந்தக் கணக்கெல்லாம் கல் அந்தரத்தில் நிற்கும் இடங்களுக்கு மட்டும்தான் பொருந்தும். நம் ஊரில் இத்தனை காலம் 16 எம்எம், 18 எம்எம் கல் போட்டு எந்தக் குறையும் இல்லாமல் இருக்கும் வீடுகள் ஏராளம். காரணம், அந்தக் கல்லுக்குக் கீழே இரண்டரை, மூன்று அங்குல கான்கிரீட் மேடை முழுசாக இருந்தது. சில வீடுகளில் கடப்பா கல் இருந்தது. சிமெண்ட் கலவையில் முழுப்பரப்பும் அமர்ந்த கல்லுக்கு வளைய இடமே கிடையாது. பாரம் முழுவதையும் கீழே இருப்பது வாங்கிக்கொள்ளும், மேலே கல் வெறும் தோல்தான். கடைக்காரர் "எல்லாரும் அதான் போடுறாங்க" என்று சொல்வது பொய்யில்லை. அந்த எல்லாரும் கான்கிரீட் மேல் போட்டார்கள். நீங்கள் அந்த மேடையை இடிக்கப் போகிறீர்கள்.

இடிக்காமல் இருக்க வாய்ப்பு உண்டா என்று ஒருமுறை யோசியுங்கள். பழைய மேடையில் விரிசல், கீழ்ப்புறத்தில் கம்பி துருப்பிடித்துச் சிமெண்ட் உதிர்தல் இவை இல்லையென்றால், அதை அப்படியே வைத்துக்கொண்டு கீழே மட்டும் பாக்ஸ் செய்து பொருத்தலாம். அப்போது 18 எம்எம் தாராளம், குவார்ட்ஸ் என்ற செயற்கைக் கல்லில் 15 எம்எம்கூடப் போதும். பழைய கிரானைட்டின் மேலேயே புதுக்கல் ஒட்டுவதும் நடக்கிறது. ஆனால் பாலிஷ் போட்ட வழவழப்பில் வெறும் சிமெண்ட் பிடிக்காது. கொத்திவிட்டுப் பதிக்க வேண்டும், அல்லது பாலிமர் கலந்த பசையோ எபாக்ஸியோ வேண்டும். மேடை கிட்டத்தட்ட ஒரு அங்குலம் உயரும் என்பதையும் மனத்தில் வையுங்கள். ஃபோட்டோவைப் பார்த்து உங்கள் மேடையின் நிலையைச் சொல்ல முடியாது. கீழே குனிந்து டார்ச் அடித்துப் பாருங்கள், சுத்தியலால் லேசாகத் தட்டிப் பாருங்கள். உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல் சத்தம் கேட்டால் இடிப்பதே சரி.

இடித்துவிட்டுப் பாக்ஸ் மேல்தான் கல் என்று முடிவானால், என் பதில் 20 எம்எம். அதுவும் அளந்து பார்த்து வாங்கிய முழு 20. ஸ்லாபின் நான்கு பக்கமும் நாலைந்து இடங்களில் அளக்கச் சொல்லுங்கள். பெரிய கேங்சா இயந்திரத்தில் அறுத்த ஸ்லாப் பெரும்பாலும் ஒரே சீராக இருக்கும். சின்னக் கற்களிலிருந்து கட்டரில் அறுத்த ஸ்லாபில் ஒரு ஓரம் 16, மறு ஓரம் 19 என்று வருவது சகஜம். கான்கிரீட் மேல் பதிக்கும்போது இந்த ஏற்ற இறக்கத்தைக் கலவை சமாளித்துவிடும். ப்ளைவுட் பாக்ஸ் சமாளிக்காது. கல்லின் அடிப்பக்கம் சில இடங்களில் மட்டும் பலகையைத் தொட்டுக்கொண்டு மற்ற இடங்களில் அந்தரமாக நிற்கும். மேலே பார்த்தால் மட்டம் கச்சிதமாக இருக்கும், அடியில் ஒரு எம்எம் இடைவெளி ஒளிந்திருக்கும். கனமான குக்கரை டொக்கென்று வைக்கும்போது அந்த இடம்தான் முதலில் போகும்.

பாக்ஸின் நிறுத்துப் பலகைகள் ஒன்றரை அடி முதல் இரண்டடிக்குள் ஒன்று இருக்கட்டும். அமெரிக்காவில் கல் தொழில் செய்பவர்கள் கடைப்பிடிக்கும் அளவு, 20 எம்எம் கல்லுக்குத் தாங்கல் இல்லாத நீளம் இரண்டடி, 30 எம்எம்முக்கு மூன்றடி. அதைவிடக் கொஞ்சம் இறுக்கமாக வைத்துக்கொள்வது நல்லது. மேசை கிரைண்டர் நம் மேடையில் நாள் தவறாமல் அதிர்ந்துகொண்டிருக்கும், தேங்காயை மேடை ஓரத்தில் தட்டி உடைக்கும் பழக்கமும் நம்மிடம் இருக்கிறது. பாக்ஸ்களுக்கு மேல் ஒரு முழு ப்ளைவுட் ஷீட் விரித்து அதன்மேல் கல்லை உட்கார வைத்தால் இன்னும் உத்தமம். அந்த ஷீட் ஐஎஸ் 710 என்ற இந்தியத் தர முத்திரை உள்ள மரைன் ப்ளை, அதாவது தண்ணீர் தாங்கும் ப்ளைவுட் ஆக இருக்க வேண்டும். சிங்க் ஓரத்தில் என்றைக்காவது தண்ணீர் இறங்கும். சாதாரண ப்ளை உப்பிக்கொண்டு கல்லையே தூக்கிவிடும்.

இனி சிங்க். மேடையில் விரிசல் விழுந்த இடம் என்று எனக்குக் காட்டப்பட்டவற்றில் பெரும்பாலானவை சிங்க் அல்லது அடுப்பை இறக்கக் கல்லில் வெட்டும் திறப்பின், அதாவது கட்டவுட்டின், மூலைகள்தான். இரண்டடி அகல மேடையில் சிங்க்குக்கு வெட்டிய பிறகு முன்பக்கம் மிஞ்சுவது மூன்று அங்குலப் பட்டை, நீளம் இரண்டடி. தீபாவளிக்கு முன்னால் லாஃப்ட்டில் இருந்து பெரிய பாத்திரம் எடுக்க வீட்டில் யாராவது மேடையில் ஏறுவார்கள். எழுபது கிலோ ஆள் ஒருவர் அந்தப் பட்டையின் நடுவில் கால் வைத்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பட்டையின் இரு முனையும் சும்மா தாங்கி நிற்பதாக வைத்துக்கொண்டால், 20 எம்எம் கல்லின் அடிப்பக்கத்தில் வரும் இழுவிசை சுமார் 21 மெகாபாஸ்கல் (கல்லில் வரும் விசையையும் கல்லின் வலிமையையும் அளக்கும் அலகு). முனைகள் மீதிக் கல்லோடு சேர்ந்தே இருப்பதால் நிஜத்தில் ஏறக்குறைய இதில் பாதி. கிரானைட்டுக்கான அமெரிக்கத் தர அளவு ஏஎஸ்டிஎம் சி615 கேட்கும் குறைந்தபட்ச வளைவு வலிமை 8.27 மெகாபாஸ்கல். நல்ல கல் இதைவிட அதிகம் தாங்கும், ஆனால் கணக்கு எவ்வளவு நெருக்கத்தில் இருக்கிறது பாருங்கள். 30 எம்எம் போட்டால் அந்தப் பாதி அளவு சுமார் 4.6 மெகாபாஸ்கலுக்கு இறங்கும். தப்பிக்கும். ஆனால் இயற்கைக் கல்லுக்கு வழக்கமாக வைக்கும் பாதுகாப்பு விகிதம் அப்போதும் கிடைக்காது. அந்தப் பட்டைக்குக் கீழே ஒரு இரும்பு எல் ஆங்கிளையோ ப்ளைவுட் ரீப்பரையோ கல்லை ஒட்டித் தொடும்படி கொடுத்துவிட்டால், 20 எம்எம்மே போதும். ஆங்கிளுக்கு ஆகும் செலவு கனம் கூட்டும் செலவில் ஒரு சின்னப் பங்குதான்.

மூலையை வெட்டும் விதத்தையும் பக்கத்தில் நின்று பாருங்கள். ஃபிட்டர் சாக்பீஸால் சதுரம் போட்டு, கை கட்டரை ஓட்டுவார். பிளேடு வட்டமானது. மேற்பக்கத்தில் கோடு மூலையைத் தொடும்போது, கல்லின் அடிப்பக்கத்தில் வெட்டு இன்னும் அந்த மூலைக்கு வந்து சேர்ந்திருக்காது. துண்டை விடுவிக்க அவர் பிளேடைக் கோட்டைத் தாண்டி அரை அங்குலம், ஒரு அங்குலம் ஓட்டுவார். மேலே அந்தக் கீறல் தெரியக்கூடாது என்று கல்லைக் கவிழ்த்துப் போட்டு வெட்டினால், கீறல் அடிப்பக்கம் வந்துவிடும். இழுவிசை வரும் பக்கமும் அதுதான். கூர்மையான சதுர மூலை, அதன் வாயிலேயே ஒரு மெல்லிய கீறல். விரிசல் தொடங்க வேறு எதுவும் தேவையில்லை. சரியான முறை, முதலில் நான்கு மூலைகளிலும் கோர் பிட்டால் துளை போட்டுவிட்டு, துளைக்குத் துளை நேராக வெட்டுவது. மூலை வளைவாக அமையும், பிளேடு தாண்ட வேண்டிய தேவையும் இருக்காது. இதை வாயால் சொன்னால் மறந்துவிடுவார்கள். கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள்.

அண்டர்மவுண்ட் சிங்க், அதாவது கல்லுக்கு அடியிலிருந்து பொருத்தும் சிங்க் என்றால் இன்னொன்று. நிரம்பிய சிங்க்கில் ஐம்பது லிட்டர் தண்ணீர் நிற்கும், பாத்திரங்கள் தனி. அதை வெறும் சிலிகானும் அரால்டைட்டும் நம்பிக் கல்லிலிருந்து தொங்கவிடக் கூடாது. சிங்க்குக்கென்று கீழே தனி ஃப்ரேம் வேண்டும். இந்த விஷயத்தில் 18 ஆனாலும் 30 ஆனாலும் இதுவே விதி.

ஹால் பக்க நீட்டலுக்கு வருகிறேன். இங்கேதான் கனம் நேரடியாகப் பேசுகிறது. பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட வரம்பு, தாங்கல் இல்லாமல் 20 எம்எம் கல் ஆறு அங்குலம், 30 எம்எம் கல் பத்து அங்குலம். எப்படியும் கல்லின் மொத்த அகலத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. நீங்கள் கேட்பது பன்னிரண்டு அங்குலம். ஆக, 30 எம்எம் போட்டாலும் பிராக்கெட் இல்லாமல் முடியாது. எப்படியும் பிராக்கெட் வைக்க வேண்டும் என்றால் 20 எம்எம்மோடு நின்றுகொள்ளுங்கள். தட்டையான எஃகு பிராக்கெட்டைப் பாக்ஸின் பலகையில் பள்ளம் எடுத்து இறக்கி, ஒன்றரை அடிக்கு ஒன்றாகக் கொடுத்தால் கண்ணுக்கும் தெரியாது. நீட்டல் கல்லில் இழுவிசை மேல்பக்கம் வரும். எனவே அந்தப் பகுதியில் மேல்பக்கம் ஓடும் நரம்போ, வெள்ளைக் கோடோ பாக்ஸ் ஓரத்துக்கு இணையாக வராதபடி கல்லைத் திருப்பி வெட்டச் சொல்லுங்கள். குழந்தைகள் ஏறி உட்காரும் இடமும் இதுதான் என்பதால் இதில் கறாராக இருங்கள்.

டிசைனர் கேட்கும் 40 எம்எம் தோற்றத்துக்கு 40 எம்எம் கல் வாங்க வேண்டியதில்லை. முன் ஓரத்தில் மட்டும் இரண்டு அங்குல அகலப் பட்டையை அடியில் ஒட்டி டபுள் நோசிங் செய்வார்கள். அல்லது 45 டிகிரியில் சாய்த்து வெட்டி மடித்து ஒட்டுவார்கள். முதல் முறையில் உற்றுப் பார்த்தால் ஒட்டுக்கோடு தெரியும். கறுப்புக் கல்லில் மறையும், வெளிர் கல்லில் துருத்தும். இரண்டாவது அழகு, கூலி அதிகம், முனை கூராக இருந்தால் பாத்திரம் பட்டு உடையும், அதனால் லேசாக மழுக்கச் சொல்ல வேண்டும். எனக்குக் கேட்டால் 20 எம்எம் ஓரத்தை மெலிதாக அரை ரவுண்டு செய்து பாலிஷ் போட்டாலே சின்ன சமையலறைக்கு லட்சணமாக இருக்கும். இது ரசனை, இதில் உங்கள் வீட்டில் சமைப்பவரின் சொல்லே கடைசி. ஓரம் 40 எம்எம் ஆனால் மேல் டிராயர் திறக்க அதற்கேற்ற இடைவெளி விட வேண்டும், கார்பென்டரிடம் பாக்ஸ் செய்வதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

கார்பென்டரின் எடைப் பயத்துக்குப் பதில் எண்ணிலேயே இருக்கிறது. 20 எம்எம் கிரானைட் சதுர அடிக்குச் சுமார் 5 கிலோ, 30 எம்எம் ஏழரை கிலோ. கறுப்புக் கற்கள் கொஞ்சம் கூடுதல். நீங்கள் இடிக்கப் போகும் மூன்று அங்குலக் கான்கிரீட் மேடை மட்டும் சதுர அடிக்கு 17 கிலோ வரும். வீட்டுத் தளங்களுக்கு இந்தியத் தர அளவு ஐஎஸ் 875 வகுக்கும் புழக்கச் சுமை (ஆட்கள், பொருட்களின் எடை) சதுர மீட்டருக்கு 200 கிலோ அளவு. 30 எம்எம் கல்லேகூட 81 கிலோதான். அதனால் கட்டடத்தைப் பற்றிக் கவலை வேண்டாம், 18 எம்எம் ப்ளைவுட்டில் ஒழுங்காகச் செய்த பாக்ஸும் தாங்கும். எடை சிரமம் தருவது மாடிப்படியில். ஒன்பதடிக்கு இரண்டடித் துண்டு 20 எம்எம்மில் 90 கிலோ, 30 எம்எம்மில் 135 கிலோ. மூன்றாவது மாடிக்குத் திருப்பங்களில் இதைத் தூக்குவது நான்கு பேர் வேலை. கல்லை எப்போதும் நிறுத்திவைத்துத்தான் தூக்க வேண்டும். படுக்கவைத்துத் தூக்கினால் சொந்த எடையிலேயே நடுவில் போய்விடும். சிங்க் கட்டவுட்டைக் கீழே வெட்டி எடுத்து வரவும் வேண்டாம். மேலே கொண்டுவந்த பிறகு வெட்டட்டும்.

சந்தேகத்துக்கு இடமானவற்றையும் சொல்லிவிடுகிறேன். கனம் கூடினால் கறை படியாது, கீறல் விழாது, சூடு தாங்கும் என்று கடையில் சொல்வார்கள். கறையும் கீறலும் மேற்பரப்பின் விஷயம். காஷ்மீர் ஒயிட் என்ற பெயரில் விற்கும் மதுரைப் பக்கத்து வெளிர் கல் 30 எம்எம் ஆனாலும் மஞ்சளையும் எண்ணெயையும் உறிஞ்சும். மேற்பரப்பில் பூசும் சீலர்தான் அதற்கு வழி. ஆந்திராவின் சீமகுர்த்தியில் எடுக்கும் பிளாக் கேலக்ஸி போன்ற நெருக்கமான கல் 18 எம்எம்மிலும் கறையை ஏற்காது. சூட்டைக் கிரானைட் எந்தக் கனத்திலும் நன்றாகவே தாங்கும். குவார்ட்ஸில் ரெசின் கலந்திருப்பதால் கனமான குவார்ட்ஸ் ஆனாலும் அடுப்பிலிருந்து இறக்கிய கடாயை நேராக வைக்கக் கூடாது. ஒரு குறிப்பிட்ட ஸ்லாப் எத்தனை வருடம் விரிசல் விடாது என்று யாராலும் உத்தரவாதம் தர முடியாது. இயற்கைக் கல்லுக்குள் ஓடும் நரம்புகள் வெளியே முழுசாகத் தெரிவதில்லை. பின்பக்கம் ஃபைபர் நெட் ஒட்டியிருந்தால் அந்தக் கல் நொறுங்கும் சுபாவம் உள்ளது என்று பொருள். வாங்கலாம், ஆனால் அதை நீட்டலுக்குப் போடாதீர்கள்.

கடையில் செய்யக்கூடிய ஒரு சோதனை: ஸ்லாப் மேல் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றித் துணியால் துடைத்துவிட்டுச் சில நிமிடம் காத்திருங்கள். பரப்பு காய்ந்த பிறகும் ஈரமாக, கறுப்பாக ஒரு கோடு நின்றால் அது மயிரிழை விரிசலாக இருக்க வாய்ப்பு அதிகம். நாணயத்தால் தட்டினால் நல்ல கல் கணீரென்று ஒலிக்கும், விரிசல் ஓடும் இடத்தில் சத்தம் மங்கும். தண்ணீர்க் கோடும் மங்கிய சத்தமும் ஒரே இடத்தில் வந்தால் அந்த ஸ்லாபை விட்டுவிடுங்கள், விலை எவ்வளவு குறைத்தாலும் சரி.

வெட்டும் வேலை வீட்டுக்குள் நடந்தால் தண்ணீர் விட்டுத்தான் வெட்ட வேண்டும் என்று சொல்லுங்கள். கிரானைட் தூசியிலும் குவார்ட்ஸ் தூசியிலும் சிலிக்கா இருக்கிறது. குவார்ட்ஸில் மிக அதிகம். கல் வெட்டும் தொழிலாளர்களுக்குச் சிலிகோசிஸ் என்ற, சிலிக்கா தூசியால் வரும் நுரையீரல் நோய் வந்ததால் ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் குவார்ட்ஸ் போன்ற செயற்கைக் கல்லையே தடை செய்தது. நம் ஊரில் மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு உலர்வாக வெட்டுகிறார்கள். உங்கள் வீட்டில் வேலை செய்யும் பையனின் நுரையீரலுக்காகவாவது ஒரு ஆளைத் தண்ணீர் ஊற்ற நிறுத்துங்கள், நல்ல முகக்கவசம் வாங்கிக் கொடுங்கள்.

ஆக உங்கள் வீட்டுக்கு நான் எழுதிக் கொடுப்பது இது: கிரானைட், முழு 20 எம்எம், அடியில் மரைன் ப்ளை ஷீட், சிங்க்குக்கு முன்னும் பின்னும் ஆங்கிள், நான்கு மூலையும் கோர் பிட் துளை, மேடை எல் வடிவம் என்றால் இரண்டு கற்கள் சேரும் ஒட்டு மூலையில் நேராக வரட்டும், சிங்க் மேல் ஒட்டு வேண்டாம். நீட்டலுக்கு பிராக்கெட். தோற்றம் வேண்டுமானால் முன் ஓரத்தில் மட்டும் டபுள் நோசிங். கல்லை வாங்குவதற்கு முன்னால் குழாய், அடுப்பு, சிங்க் மூன்றையும் முடிவு செய்து, அவற்றோடு வரும் தாளில் எத்தனை எம்எம் கனம் வரை பொருத்தலாம் என்று போட்டிருப்பதைப் பாருங்கள். சில குழாய்களின் அடி நட்டுக்கு, கல்லும் ப்ளையும் சேர்ந்த கனத்தில் மரை போதாமல் போகும். சிங்க்கின் கட்டவுட் அளவும் மேடையின் சரியான அகலமும் எழுதினீர்கள் என்றால், முன்பட்டை எத்தனை அங்குலம் மிஞ்சும், ஆங்கிள் எந்த அளவில் போதும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.